நெல்லுக்குப் பெயர் தந்த நிலையம்

வானொலி நிலையம் ஒன்றின் பெருமை அதன் கோபுரத்தின் உயரத்தில் இல்லை. அது யாருக்காக வாய் திறக்கிறது என்பதிலேயே இருக்கிறது. இவ்வுண்மைக்குத் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையத்தின் வரலாறே சான்று.

1938 யூன் 16இல் அகில இந்திய வானொலி சென்னையிலே ஒலிக்கத் தொடங்கியது. ஓராண்டு நிறைவதற்குள், 1939 மே 16இல், காவிரிக் கரையிலே திருச்சி நிலையம் எழுந்தது. தலைநகரின் குரல் ஒன்றே ஒரு மாகாணத்துக்குப் போதாது என்பது அந்நிய ஆட்சிக்குக்கூடப் புரிந்திருந்தது! மத்திய அலையிலே எழுந்த அக்குரல் இரவு வேளைகளிற் பாக்கு நீரிணையையும் கடந்து நம் வடபுலத்து வீடுகளை எட்டியது.

அந்நிலையம் சாதித்தது என்ன? 1966இல் அகில இந்திய வானொலி, உழவர்க்கென்றே பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகளை அமைக்கத் தொடங்கியது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல்லைப் பற்றித் திருச்சி நிலையம் தஞ்சை உழவரிடம் அவர்தம் மொழியிலேயே எடுத்துரைத்தது. குறுவைப் பட்டத்துக்கு ஏற்ற அந்நெல்லை உழவர் ஏற்றனர். ஏற்றதோடு நில்லாது, அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரும் இட்டனர். அரசு அளிக்கும் பட்டங்கள் ஆயிரம் இருக்கலாம். உழவன் தன் வயலிலே வைத்து அளித்த இப்பெயருக்கு அவை ஈடாகுமா?

இத்தகைய நிலையங்கள் பேச வேண்டியதை இன்று டில்லி தீர்மானிக்க விழைகிறது. ஆங்கில ஒலிபரப்பிலும் ‘ஆகாசவாணி’ என்றே சொல்ல வேண்டும் என 2023 மே மாதத்திலே கட்டளை பிறந்தது. அதற்கு ஆதாரமாகப் பிரசார் பாரதிச் சட்டத்தைக் காட்டினர். நல்லது; அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தையே நாமும் புரட்டுவோம். விவசாயத்துக்கும் கிராம முன்னேற்றத்துக்கும் தனிக்கவனம் செலுத்துக, பல்வேறு பிரதேசங்களின் மொழிகளுக்கும் பண்பாடுகளுக்கும் போதிய இடம் தருக என அதன் 12ஆம் பிரிவு விதிக்கிறதே! பெயரைத் தேடிய கண்களுக்கு இக்கடமை மட்டும் தென்படாமற் போனதேன்? தமக்கு வேண்டிய பிரிவை மட்டும் படிப்பவன் சட்டத்தை மதிப்பவனல்லன்.

மத்திய அலை பழைமையானது, மின்செலவு மிக்கது, ஆகவே பரப்பிகளை மூடுவோம் என்பது அவர்களது மறுவாதம். செலவு உண்மையே, நாம் மறுக்கவில்லை. ஆயினும் பண்பலை சிறிது தூரத்திலேயே ஓய்ந்துவிடும். மத்திய அலையோ நிலத்தைத் தழுவி நெடுந்தூரம் செல்லும். மலிவான ஒரு சிறு பெட்டி போதும், வரப்பிலே நிற்பவனும் கேட்கலாம். நாளை வேறு கருவி வரினும் வரட்டும்! கருவி மாறலாம், ஒலிவாங்கியின் முன்னே அம்மண்ணின் மைந்தன் அமரும் உரிமை மாறலாகாது. தொலைதூரத் தலைநகரிலே சமைத்ததை எங்கும் பரிமாறுவது சிக்கனமாகாது. பிரதேசத்தின் நாவை அறுப்பதேயாகும்.

ஆகவே நாம் கூறுவது இதுவே: நிகழ்ச்சிகளைத் தீர்மானிக்கும் அதிகாரமும் அதற்கான பணமும் அந்தந்த நிலையத்துக்கே உரியவை. கோபுரத்தை மட்டும் பிரதேசத்திலே நாட்டிவிட்டுக் குரலைத் தலைநகரிலே பூட்டிவைப்பது மோசடி. டில்லியாயினும் கொழும்பாயினும் இந்நீதி ஒன்றே. உழவன் ஒரு நெல்லுக்கு வானொலியின் பெயரை இட்டான். அவன் அளித்த அத்தீர்ப்பை மாற்ற எந்தத் தலைநகருக்கும் அதிகாரம் இல்லை!