ஆயிரம் பவுண்டு ரசிகர்கள்

சனிக்கிழமை இரவு, மாமாக் கடையில் ஆட்டத்தின் இடைவேளை. நாம் உயிராய் ஆதரிக்கும் காற்பந்துக் குழுவில் நமக்கே பங்கு இருந்து, ஒரு கோடீசுவரர் வந்து கேட்டால் விற்போமா என்று ஒரு பேச்சு கிளம்பியது. நண்பர்கள் நால்வரும் "விற்கவே மாட்டோம்" என்றார்கள். எனக்கு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் ரசிகர்கள் நினைவுக்கு வந்தார்கள்.

2008இல் கார்டிஃபை வென்று எஃப்.ஏ. கிண்ணத்தைத் தூக்கிய குழு அது. இரண்டே ஆண்டில் கடன் கழுத்தை நெரித்தது. பிரிமியர் லீக்கில் இருக்கும்போதே திவாலாகி நிர்வாகியின் கைக்குப் போன முதல் குழு அதுதான். 2012இல் மறுபடியும் அதே கதை. 2013இல் ரசிகர்களே ஆளுக்கு 1,000 பவுண்டு போட்டார்கள். வசதியான சில ரசிகர்கள் கூடுதலாகப் போட்டார்கள். குழு அவர்கள் கைக்கு வந்தது. மறு ஆண்டே கடன் தீர்ந்தது. 2017 மே மாதம் நான்காம் பிரிவில் வாகை சூடினார்கள்.

அதே மாதம்தான் வாக்கெடுப்பு. டிஸ்னியின் முன்னாள் தலைவர் மைக்கல் ஐஸ்னர், குழுவுக்கு 5.67 மில்லியன் பவுண்டு விலை பேசினார். மேற்கொண்டு 10 மில்லியன் முதலீடு செய்வதாகவும் சொன்னார். அவர்களின் ஃபிராட்டன் பார்க் அரங்கமோ 1899இல் திறந்தது. ஆயிரம் ஆயிரமாய்ச் சேர்த்த பணம் கடனை அடைக்கும், ஓட்டைக் கூரையை மாற்றுமா? ஏறக்குறைய ஐந்தில் நால்வர் விற்கச் சம்மதித்தார்கள்.

விற்றதைவிட, விற்ற விதம்தான் எனக்குப் பிடித்தது. நம்மூர் வின்சென்ட் டான் 2012இல் கார்டிஃபின் நீலச் சட்டையைச் சிவப்பாக்கியது நினைவிருக்கும். நீலம் திரும்ப 2015 ஆனது. அங்கே ரசிகர்களிடம் இருந்தது குரல் மட்டும்தான். போர்ட்ஸ்மத்தில் பங்கு கையில் இருந்தபோதே, குழுவின் மரபைக் காக்க ரசிகர் பிரதிநிதிகள் அமரும் ஒரு வாரியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நானாக இருந்தாலும் 'சரி' என்றுதான் வாக்களித்திருப்பேன். ஆனால், 'வேண்டாம்' என்ற அந்த ஐந்தில் ஒருவரிடம் எனக்கு எதிர்வாதம் இல்லை. பணக்கார உரிமையாளர்கள் வந்து போனதில்தானே குழு இரண்டு முறை கவிழ்ந்தது! 2024இல் போர்ட்ஸ்மத் மூன்றாம் பிரிவை வென்று மேலே ஏறியபோது அவரும் துள்ளிக் குதித்திருப்பார். அதற்காக அவர் பயந்தது தப்பென்று ஆகிவிடாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, "சரி, ஆளுக்கு 1,000 பவுண்டு எடுங்கள், இன்றைய கணக்கில் 5,000 ரிங்கிட்டுக்கு மேல்" என்றேன். நால்வரும் சேர்ந்து தே தாரிக் பில்லை என் பக்கம் தள்ளினார்கள்.