பள்ளி வாயிலிற் பரம்பரை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவியர் சங்கங்கள், புதிய உறுப்பினரைத் தெரியும்போது விண்ணப்பித்தவளின் தாயோ தமக்கையோ பாட்டியோ முன்னர் அங்கு உறுப்பினராயிருந்தாளா என நோக்கி முன்னுரிமை வழங்குவது நெடுநாள் வழக்கம். 2020 தொடக்கம் அவற்றுட் சில இவ்வழக்கைக் கைவிட்டன. அவை தனியார் சங்கங்கள். அவற்றிற் சேராதவளின் வாழ்வு நின்றுவிடுவதில்லை. மக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் பாடசாலைகளிலேயே பரம்பரை பார்க்கும் எமது நாட்டைப் பற்றி யாது கூறுவது?

தரம் 1க்கு மாணவரை அனுமதிப்பதற்குக் கல்வி அமைச்சு வெளியிட்டுவந்த சுற்றறிக்கைகளிலே, பழைய மாணவரின் பிள்ளைகளுக்கென 25 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. பெற்றோர் அங்கு கற்ற ஆண்டுகள், எய்திய சித்திகள், ஆடிய விளையாட்டு, பழைய மாணவராய்ச் செய்த உதவி ஆகிய அனைத்துக்கும் புள்ளிகள் உண்டு. ஐந்து வயதுப் பிள்ளையின் தகுதி தந்தை ஆடிய கிரிக்கெட்டாற் கணிக்கப்படுகிறது!

இவ்விதி யாவர்க்கும் பொது என்பர். அப்புத்தளைத் தோட்டமொன்றில் நின்று நோக்குவோர்க்கு அப்பொதுமையின் இலட்சணம் விளங்கும். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இத்தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1960-61இல் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. 1977இலிருந்தே அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. அதுவரை ஓராசிரியரும் ஐந்தாம் வகுப்புமே பெரும்பாலான தோட்டங்களின் கல்வி எல்லை. அவ்வெல்லையைத் தாண்டாத பாட்டியின் மகள் அதே தோட்டப் பாடசாலையிற் கற்றாள். அவளுடைய மகள் இன்று பண்டாரவளையிலோ பதுளையிலோ உள்ள பெரிய பாடசாலையின் வாயிலில் எந்தப் பழைய மாணவரின் பெயரைச் சொல்லுவாள்? பாட்டிக்கு இழைத்த அநீதி பேத்தியின் தகுதிக் குறைவாகப் பதியப்படுகிறது.

அண்மையில் வசிப்போர்க்கும் ஒரு பிரிவு உண்டே எனின், அங்கே காணி உறுதிக்கும் புள்ளிகள் உண்டு. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் லயத்து அறை தோட்டத்துக்கே உரியது.

பழைய மாணவரின் பற்றும் பணமும் இன்றேல் பாடசாலை வளராது என்பது மறுபக்கத்தார் வாதம். கைம்மாறு கேட்கும் பற்று பற்றன்று, முதலீடு. கொடுத்தோர்க்கே உரிமை எனின், கொடுத்தோர் யார்? 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்தில் அரசின் வருவாய்க்குப் பெருந்தூணாய் நின்றது பெருந்தோட்டத் துறை. கொழுந்துக் கூடை சுமந்த முதுகுகளே இந்நாட்டின் வகுப்பறைகளையும் சுமந்தன. பரம்பரை உரிமை பேசுவதாயின் அவர்களின் பேரப்பிள்ளைகளே முன்வரிசையில் நிற்கவேண்டியோர்.

2007இல் உச்ச நீதிமன்றம் அன்றைய அனுமதிச் சுற்றறிக்கையைச் சமத்துவ உரிமைக்கு முரணானதெனத் தள்ளியது. பின்வந்த சுற்றறிக்கைகளிற் பழைய மாணவர் பிரிவு மீண்டும் குடியேறிற்று. காரணம் வெளிப்படை. சட்டம் வகுப்போரும் அதிபர்களும் பத்திரிகையாளரும் பெரும்பாலும் அப்பிரிவின் பயனாளிகள்.

நாளை அப்பயனாளிகளாகப் போவோர் பல்கலைக்கழகத்தாராகிய நாம். எமது பிள்ளைக்காக அவ்விண்ணப்பப் படிவத்தை நிரப்பும் நாள் வருமுன்னரே நாம் நிலைப்பாட்டைத் தீர்மானிக்கவேண்டும். பழைய மாணவர் பிரிவு முற்றாக நீக்கப்படவேண்டும். அவ்விடங்கள், குடும்பத்தில் எவருமே பெரிய பாடசாலையின் படி மிதித்திராத பிள்ளைகளுக்கு வழங்கப்படவேண்டும். இதனை ஒப்பாதோர் சமத்துவம் பற்றி மேடையிற் பேசுவதையேனும் நிறுத்துவார்களாக.