சுற்றட்டும் விடுங்கள்



போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஹெலிகாப்டரை வைத்து ஒரு சண்டை நடந்ததே, அது பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. முழுதாகச் சொல்லிவிடுகிறேன். முதல் குற்றவாளி நான்தான் என்பதால் என்னிலிருந்தே தொடங்குகிறேன்.

என்னிடம் பத்தாம் வகுப்பில் இயற்பியல் படித்த பையன் ஒருவன் (பையன் என்ன, ஐம்பதை நெருங்குகிறான்) கிளாஸ்கோவில் இருக்கிறான். இரண்டு நண்பர்களோடு கூட்டாக 28 அடிப் பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, கிளைடு கழிமுகத்தில் ஓட்டுகிறான். சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டான். "சார், இன்ஜினை அணைத்துவிட்டுப் பாய் விரித்துப் போகும்போது, அடியில் இருக்கும் புரொப்பெல்லர் தண்ணீர் தள்ளுவதாலேயே தானாகச் சுற்றுகிறது. அப்படியே சுற்ற விடுவதா, கியரில் போட்டு நிறுத்துவதா? எதில் படகுக்கு இழுவை குறைவு?"

இரண்டு நிமிடத்தில் பதில் போட்டேன். இன்ஜின் நின்றுபோன ஹெலிகாப்டரின் இறக்கை சுற்றிக்கொண்டே இருந்தால் மெதுவாக இறங்கும், நின்றுவிட்டால் கல்லாக விழும். ஆகவே சுற்றும் இறக்கைக்குத்தான் எதிர்ப்பு அதிகம். ஆகவே நிறுத்து, ரிவர்ஸில் போட்டு வை.

அழகான பதில். தப்பான பதில்.

அவனும் அப்படியே செய்தான். பக்கத்துப் படகுக்காரர்களும் அதையேதான் சொன்னார்களாம். இரண்டாவது வருடம், துறைக்குள் நுழையும்போது வேகத்தைக் குறைக்க ரிவர்ஸ் போட்டிருக்கிறான். பிடிக்கவில்லை. கல்சுவர் எதிரே வருகிறது, இன்ஜின் உறுமுகிறது, படகு நிற்கவில்லை. நண்பர் ஒருவர் ரப்பர் மிதவையைக் குறுக்கே கொடுத்ததால் முன்பக்கம் மட்டும் நசுங்கியது. கையைக் கொடுத்திருந்தால் கை போயிருக்கும். கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்த கூம்பு வடிவக் கிளட்ச் கண்ணாடி மாதிரி வழவழத்துப் போயிருந்தது. தண்ணீர் ஷாஃப்டைத் திருப்பப் பார்க்க, கிளட்ச் அரைகுறையாகப் பிடித்துப் பிடித்து வழுக்கித் தேய்ந்திருக்கிறது. கையேட்டில் ஒரே வரி: பாயில் ஓடும்போது நியூட்ரலில் வைக்கவும். அந்த வரியை அவனும் படிக்கவில்லை, படித்தாயா என்று நானும் கேட்கவில்லை.

இதைக் குழுவில் எழுதி, என் தப்பு என்று ஒப்புக்கொண்டேன். உடனே கிளம்பிவிட்டார்கள். "கியர்பாக்ஸ் கெட்டது வேறு விஷயம், ஹெலிகாப்டர் தர்க்கம் சரிதானே?" கப்பலில் வேலை பார்த்த எங்கள் பெரிய அத்தான், "நாற்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், நிறுத்தினால்தான் நல்லது" என்கிறார். அத்தான், உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் நீங்கள் இருந்த கப்பலில் பாய் ஏது?

தர்க்கம் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன். இன்ஜின் நின்றதும் ஹெலிகாப்டர் விமானி முதலில் செய்வது, இறக்கைகளின் சாய்வைக் குறைத்துக் கிட்டத்தட்டத் தட்டையாக்குவது. தட்டையான இறக்கை கீழிருந்து வரும் காற்றில் வேகமாகச் சுற்றும். சுற்றிக்கொண்டே பறவையின் சிறகு போல எடையைத் தாங்கும். எதிர்ப்பு வேண்டும் என்றே செய்யப்படும் ஏற்பாடு அது. படகின் சாதாரணப் புரொப்பெல்லரின் இலைகளோ நன்றாகச் சாய்ந்தவை. அந்தச் சாய்வை மாற்றவும் முடியாது. எண்ணெய் விட்ட போல்ட்டில் நட்டைப் போட்டுச் செங்குத்தாகப் பிடியுங்கள். மரை பெரிதாக இருந்தால் நட்டு தானே சுற்றிக்கொண்டு இறங்கும். விரலால் நட்டைப் பிடித்தால் அங்கேயே நின்றுவிடும். சுற்ற விட்ட புரொப்பெல்லரும் அப்படித்தான், தண்ணீருக்குள் மரையோடு மரையாக வழுக்கிப் போகிறது. நிறுத்திவிட்டால் ஒவ்வொரு இலையும் ஓட்டத்துக்குக் குறுக்கே காட்டிய உள்ளங்கை. பின்னால் சுழல், சுழலுக்குப் பின்னால் இழுவை.

இதையும் நான் சொல்வதற்காக நம்ப வேண்டாம். ஸ்ட்ராத்கிளைடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மெக்கென்சி, ஃபாரஸ்டர் இருவரும் புரொப்பெல்லர்களை நீரில் இழுத்தே அளந்து, 2008-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். நிறுத்திய புரொப்பெல்லருக்கு இழுவை அதிகம். வேகம் கூடும்போது சுற்றுவதைப் போல இருமடங்கு வரை. ஷாஃப்டில் உராய்வு குறைவாக இருந்தால்தான் சுற்ற விடுவதன் லாபம் முழுதாகக் கிடைக்கும் என்றும் கண்டார்கள். அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது கிளாஸ்கோவில்! அவன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அவனோ கடல் தாண்டி என்னிடம் கேட்டான், நானோ வானத்தில் ஹெலிகாப்டரைப் பார்த்தேன்.

"இத்தனூண்டு புரொப்பெல்லருக்கு இவ்வளவு வாதமா" என்று சித்தப்பா மகள் கேட்டாள். 1860-இல் நீரில் இறக்கிய வாரியர் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் நீராவி இன்ஜினும் உண்டு, பாயும் உண்டு. பாயில் ஓட்ட வேண்டுமானால், இழுவையைக் குறைக்க, பல டன் எடையுள்ள புரொப்பெல்லரையே நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறு பிடித்து மேலே தூக்குவார்கள். இன்றும் போர்ட்ஸ்மத்தில் அந்தக் கப்பலைப் பார்க்கலாம்.

அப்படியானால் எல்லாப் படகிலும் சுற்ற விடலாமா? கூடாது. இங்கேதான் நம் ஆட்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழப்புகிறார்கள். இழுவை ஒரு கேள்வி, கியர்பாக்ஸ் தாங்குமா என்பது வேறு கேள்வி. சில கியர்பாக்ஸில் எண்ணெய் பம்பை ஓட்டுவது இன்ஜின் பக்கம். இன்ஜின் நின்றால் சுற்றும் பாகங்களுக்கு எண்ணெய் போகாது. அப்படிப்பட்டதை மணிக்கணக்கில் சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். ஹைட்ராலிக் வகையில் எண்ணெய் அழுத்தம் இல்லாமல் கிளட்ச் பிடிக்காது, ஆகவே கியரில் போட்டாலும் ஷாஃப்ட் நிற்காது. அதற்குத் தனி பிரேக் வேண்டும். பிரேக் போட்டால் சாவியில் ஒரு சீட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், மறந்து இன்ஜினைப் போட்டுவிடுவீர்கள். சுற்றுகிற ஷாஃப்டைக் கையாலோ கயிறு போட்டோ நிறுத்தப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல வார்த்தை இல்லை.

மடங்கும் புரொப்பெல்லர் என்றால் நிறுத்தத்தான் வேண்டும், நின்றால்தான் இலைகள் மடங்கும். நீளமான அடிக்கட்டைக்குப் பின்னால் இரண்டு இலைப் புரொப்பெல்லர் உள்ள பழைய படகிலும், இலைகள் செங்குத்தாக நிற்கும்படி நிறுத்தினால் அவை கட்டைக்குப் பின்னே ஒளிந்துகொள்ளும். எந்த நிலையில் செங்குத்து என்று தெரிய ஷாஃப்டில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். அவன் படகில் இருப்பது மூன்று இலை. அது எந்தக் கட்டைக்குப் பின்னும் ஒளியாது.

கிளட்ச் மாற்றியாகிவிட்டது. செலவை நான் பாதி தருகிறேன் என்றேன், "சும்மா இருங்க சார்" என்று திட்டினான். இப்போது நியூட்ரலில்தான் ஓட்டுகிறான். நேற்று ஒரு ஒலிப்பதிவு அனுப்பினான், மாவு மில் மாதிரி ஒரே ரீங்காரம். இந்தச் சத்தத்தில் பின் அறையில் தூங்க முடியவில்லை என்று அவன் மனைவி சொல்கிறாளாம், ராத்திரிக்கு மட்டுமாவது ஷாஃப்டை நிறுத்த ஏதாவது பூட்டுப் போடலாமா சார் என்று கேட்கிறான். என்னைக் கேட்காதே, கையேட்டைத் திற என்று எழுதியிருக்கிறேன்.