ரெயிலில் ஏறிய சைக்கிள்

பழவேற்காட்டில் மீன் விற்கிறவருக்கு சைக்கிள்தான் கால். விடியற்காலையில் ஏரிக்கரையில் மீன் எடுக்கவேண்டும். கூடையைக் கேரியரில் இறுக்கிக் கட்டவேண்டும். வெயில் ஏறுவதற்குள் ஊர் ஊராகப் போய் விற்றுத் தீர்க்கவேண்டும். நேரம் போனால் மீன் போச்சு. மீன் போனால் அன்றைய அடுப்பும் போச்சு!

இப்போது பலர் மொபெட்டுக்கு மாறிவிட்டார்கள். மாற முடியாதவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு நேர்ந்த கதையைக் கேளுங்கள்.

அவருடைய மனைவியின் அண்ணன் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் வேலை பார்க்கிறார். விசேஷத்துக்குப் போன இடத்தில், தங்கை வீட்டுக்காரருக்குப் புது சைக்கிள் ஒன்றை வாங்கிக் கொடுத்தார்.

"ரெயிலிலே போட்டு எடுத்துக்கிட்டுப் போங்க, மாப்பிள்ளை. ராத்திரி ஏறினா காலையிலே மெட்ராஸ்" என்றார்.

மாப்பிள்ளையும் ஸ்டேஷனுக்குப் போனார். "சைக்கிள் போடணும்" என்றார். எழுதினார்கள். பணம் கட்டினார். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் சென்னையில் இறங்கி, கடைசிப் பெட்டிக்கு ஓடினார். சைக்கிள் இல்லை!

"இது பார்சல் ஐயா, லக்கேஜ் இல்லை. இடம் இருக்கிற வண்டியில் வரும்" என்றார்கள்.

ஊருக்குப் போய்விட்டு மறுபடி வந்தார். இல்லை. மூன்றாம் தடவை வந்தபோது இருந்தது. அது வந்து சில நாள் ஆகிவிட்டதாம். கிடங்கு வாடகை கட்டச் சொன்னார்கள்! பின்சக்கரம் கோட்டம். ஒரு பெடல் வளைந்திருந்தது. பெல்லைக் காணோம். அலைந்த நாட்களில் வியாபாரமும் இல்லை.

ஒரு சொல்லால் வந்த வினை

அவர் செய்த தவறு என்ன? "லக்கேஜ்" என்று சொல்லாததுதான். பயணச் சீட்டைக் காட்டி லக்கேஜாகப் பதிந்தால், நாம் போகிற வண்டியிலேயே சைக்கிளும் வரும். அதற்கு வண்டி புறப்படும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்பே லக்கேஜ் ஆபீசில் ஒப்படைக்கவேண்டும். பார்சல் என்றால் நாம் ஒரு வண்டி, அது ஒரு வண்டி. இதைப் பெரிய தமிழ் எழுத்தில் ஒரு பலகையில் எழுதி ஜன்னலுக்கு மேலே மாட்டினால் என்ன? புதிதாக எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கூடப் படித்துக்கொள்வாரே!

நஷ்டஈட்டு விஷயமும் அப்படித்தான். மதிப்பை எழுதிக் கொடுத்து அதற்கான தனிக் கட்டணம் கட்டாவிட்டால், சேதத்துக்கு ரெயில்வே தரும் உச்சவரம்பு லக்கேஜுக்குக் கிலோவுக்கு 100 ரூபாய். பார்சலுக்கு 50 ரூபாய். 1990-ஆம் ஆண்டு விதி அது. நம் ஊர் சைக்கிள் சுமார் 20 கிலோ. பார்சலில் போட்ட சைக்கிள் அடியோடு தொலைந்தாலும் கிடைப்பது ஏறத்தாழ 1,000 ரூபாய்தான்! இதற்கும் ஒப்படைத்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் எழுத்துமூலம் கேட்கவேண்டும். சேதத்தைக் கண்டால் அங்கேயே சொல்லி, எழுதி வாங்கவேண்டும். வெளியே உருட்டிக்கொண்டு வந்துவிட்டால் யார் நம்புவார்?

நம் பக்கமும் குறை உண்டு. பெல், விளக்கு, காற்றுப் பம்பு ஆகியவற்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளலாம். செயினுக்கும் பெடலுக்கும் சாக்கு சுற்றலாம். பெயரும் ஊரும் எழுதிய சீட்டை இரண்டு இடத்தில் கட்டலாம். சிலர் கேரியரில் கருவாட்டு மூட்டையையும் சேர்த்துக் கட்டி அனுப்புகிறார்கள். பக்கத்தில் புதுப் படுக்கை அனுப்பியவர் கதி என்ன ஆவது?

பொன்னேரி வரைக்கும்

பழவேற்காட்டுக்கு ரெயில் கிடையாது. பொன்னேரியில் இறங்கி, சாலை வழியாகத்தான் போகவேண்டும். தொலைதூர வண்டிகளில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. ஒரு காலத்தில் தெற்கேயிருந்து எழும்பூருக்கு வந்தது மீட்டர் பாதை. பொன்னேரி வழியே போவது அகலப் பாதை. இன்று எல்லாம் அகலப் பாதை. ஆனாலும் வண்டி மாறாமல் முடியாது. பொன்னேரிக்குப் போகும் மின்சார ரெயிலிலோ லக்கேஜ் போட இடமில்லை.

நம் மீன்காரர் என்ன செய்தார் தெரியுமா? தெருவோரக் கடையில் சக்கரத்தின் கோட்டத்தை எடுத்தார். சென்னையிலிருந்து பழவேற்காடு வரை சுமார் 60 கிலோமீட்டரையும் மிதித்தே போனார்!

பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். கோட்டை இடிந்துவிட்டது, அவர்களுடைய கல்லறைகள் மட்டும் நிற்கின்றன. அவர்கள் நாட்டில் இன்று ஆட்களைவிட சைக்கிள்கள் அதிகம். அங்கே ரெயில் பெட்டியின் கதவிலேயே சைக்கிள் படம் போட்டிருக்கும். காலை, மாலை நெரிசல் நேரத்தில் ஏற்றக்கூடாது. மற்ற நேரத்தில் சைக்கிளுக்கும் ஒரு சீட்டு வாங்கி ஏற்றிக்கொள்ளலாம்.

அவ்வளவு வேண்டாம். கும்மிடிப்பூண்டி பாதையில் ஓடும் மின்சார ரெயில்களில், கூடை வியாபாரிகள் ஏறும் பெட்டி இருக்கிறது. நண்பகலில் அதில் கூட்டம் குறைவு. அந்த நேரத்தில் மட்டும், கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒரு மூலையில் இரண்டு சைக்கிளை நிறுத்த அனுமதிக்கலாம். தொலைதூர வண்டியின் சரக்கு அறையில், சைக்கிள்மேல் மூட்டை விழாதபடி நிறுத்திக் கட்ட ஒரு கம்பி வைக்கலாம். இதற்குப் பெரிய திட்டமும் வேண்டாம், பெரிய பணமும் வேண்டாம்.

மீன்காரர் சைக்கிளுக்கு இன்னும் பெல் வாங்கவில்லை. "மீனு, மீனுன்னு தொண்டை கிழியக் கத்திக்கிட்டுத்தானே போறேன். பெல்லு எதுக்கு?" என்கிறார்.