நிரவல் அறிந்த செவிக்கு ஜாஸ்

ஜாஸ் இசையைப் பற்றித் தமிழில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறார்கள். 'அது நம்முடைய ராக ஆலாபனை மாதிரிதான்' என்பது ஒன்று. 'ஜான் கோல்ட்ரேனே நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்' என்பது மற்றொன்று. இரண்டும் ஜாஸைக் கேட்கத் தொடங்குகிற ஒருவருக்கு எந்த உதவியும் செய்வதில்லை என்பது என் எண்ணம்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். கோல்ட்ரேன் 1961இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் மன்றத்தில் 'இந்தியா' என்ற பெயரில் ஒரு படைப்பை வாசித்துப் பதிவு செய்தார். 1965இல் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்டார். இவை உண்மைகள்தாம். ஆனால் இவற்றை எண்ணிப் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும் வரை நாம் கோல்ட்ரேனைக் கேட்பதில்லை. நம்மைப் பற்றிய புகழுரையைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

முதற்கூற்று சற்று நுட்பமான பிழை. ஆலாபனைக்குத் தாளமில்லை. பாடகர் விரும்பிய இடத்தில் நிற்கலாம், ஒரு காந்தாரத்தைச் சுற்றியே ஐந்து நிமிடம் உலவலாம், அவரைத் துரத்திக்கொண்டு எந்த ஆவர்த்தனமும் வருவதில்லை. ஜாஸ் கலைஞரின் தனி வாசிப்போ பெரும்பாலும் ஒரு சுற்றுக்குள் அடைபட்டது. பழைய பாடலொன்றின் முப்பத்திரண்டு அளவைகள், ஒவ்வொன்றிலும் முன்னரே நிச்சயிக்கப்பட்ட சுரக்கூட்டு, அந்தச் சுற்று முடிந்தால் மீண்டும் முதலிலிருந்து. கலைஞர் அந்தச் சட்டகத்தின்மேல் புதிய மெட்டை நெய்துகொண்டே போகிறார். ஆகவே ஜாஸுக்கு நம்மிடமுள்ள நெருங்கிய உறவு ஆலாபனையன்று, நிரவல். சாகித்தியத்தின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு, சொற்கள் தாளத்தில் விழும் இடங்களை மாற்றாமல், மெட்டை மட்டும் ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் புதிதாக்கிக்கொண்டு போகிறோமே, அதே காரியம்தான். அங்கே சொற்களின் இடத்தில் சுரக்கூட்டுகள் இருக்கின்றன.

இதை நம்பாதவர்கள் கோல்மன் ஹாக்கின்ஸ் 1939 அக்டோபரில் பதிவு செய்த 'பாடி அண்ட் ஸோல்' இசைத்தட்டைக் கேட்கட்டும். மூன்று நிமிடத்துக்குத்தான் நீளும். தொடக்கத்தில் மூலப் பாடலின் மெட்டு சற்றே தலைகாட்டுகிறது. பிறகு அதைக் காணவில்லை. இரண்டு சுற்றுகள் முழுவதும் அவர் வாசிப்பது அந்த நேரத்தின் கற்பனை. முதன்முறை கேட்பவருக்கு, பாட்டை மறந்துவிட்டு எங்கோ அலைகிறார் என்று தோன்றும். மூலப் பாடலை வேறொருவர் பாடக் கேட்டு, மனத்துக்குள் அதை முணுமுணுத்தபடியே ஹாக்கின்ஸை மறுபடி கேட்டால், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தி ஓடுவது தெரியவரும். அந்தக் கணத்தில்தான் ஒருவர் ஜாஸ் ரசிகராகிறார். நிரவலில் பல்லவி வரியை அறியாதவருக்குப் பாடகர் என்ன செய்கிறார் என்பது விளங்காததைப் போலத்தான் இதுவும்.

நம் செவிக்கு இன்னும் எளிய வாசல் ஒன்றுண்டு. மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் வருட இசைத்தட்டு 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. அதில் முதலில் வரும் 'ஸோ வாட்' நம் கரகரப்பிரியாவின் சுரங்களை வைத்தே கட்டப்பட்டது. பதினாறு அளவைகள் இரண்டு கட்டைச் சுருதியில் நின்று, எட்டு அளவைகளுக்கு எல்லாமே இரண்டரைக் கட்டைக்கு ஏறி, மீண்டும் எட்டு அளவைகளுக்குப் பழைய இடத்துக்கே திரும்பும். ஆதார சுருதி பெயர்வதை நம் மனம் ஒப்பாது. முதல் சில முறை தரை நழுவுவதுபோல் இருக்கும். அந்த நழுவலைத் தாண்டிவிட்டால், டேவிஸ் எத்தனை குறைவான சுரங்களை வாசிக்கிறார், எத்தனை இடங்களை வெறுமனே விட்டுவைக்கிறார் என்பது கேட்கும். கரகரப்பிரியாவைக் கமகமில்லாமல் கேட்பது உப்பில்லாச் சோறு என்று என் நண்பர் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அங்கே உப்பு வேறிடத்தில் இருக்கிறது: ஒலியின் நிறத்தில், தாளத்துக்குச் சற்றே பின்தங்கி விழும் அந்தச் சோம்பலான நடையில்.

தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கடமும் எட்டு, நான்கு, இரண்டு என்று அளவைச் சுருக்கிக்கொண்டே மாறி மாறி வாசிக்கும் குறைப்பை நாம் எல்லோரும் ரசிக்கிறோம். ஜாஸிலும் கருவிக்காரரும் டிரம்ஸ்காரரும் நான்கு நான்கு அளவைகளாகப் பங்கிட்டுப் பேசிக்கொள்ளும் வழக்கம் உண்டு. ஒருவரையொருவர் அறியாமலே இரண்டு மரபுகள் வந்து சேர்ந்த இடம் இது. 1970களில் ஜான் மெக்லாக்லினும் விக்கு விநாயகராமும் 'சக்தி' குழுவில் ஒரே மேடையில் அமர்ந்தபோது அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாமல் போனதில் ஆச்சரியமில்லை.

ரசனையைப் பற்றி இவ்வளவு போதும். கற்பதைப் பற்றித்தான் எனக்கு வருத்தமெல்லாம்.

மனோதர்மம் என்றவுடனேயே நாம் அதை வரம் என்று சொல்லிவிடுகிறோம். 'அது தானாக வரணும், சொல்லிக்கொடுத்து வராது' என்பது எந்த ஊர்ப் பாட்டு வகுப்பிலும் காதில் விழும் வாக்கியம். விருத்தாசலத்தைப் போன்ற ஊர்களில் இதன் விளைவைக் கண்கூடாகக் காணலாம். (இலக்கிய வாசகர்களுக்கு இது புதுமைப்பித்தனின் இயற்பெயர். ஊர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும், அரசுப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகமும், சூளைகளும்.) பிள்ளைகள் சரளி வரிசையில் தொடங்கி, அலங்காரம், கீதம், வர்ணம் என்று வந்து, பத்து இருபது கீர்த்தனைகளில் நின்றுவிடுகிறார்கள். அதற்கு மேல் கற்பனாஸ்வரம் வேண்டுமென்றால் ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொடுக்கிறார். பிள்ளை அதை மனப்பாடம் செய்து 'கற்பனை'யாகப் பாடுகிறது. இவ்வூர்ப் பீங்கான் பட்டறைகளில் பாரிஸ் சாந்து அச்சுக்குள் மண்குழம்பை ஊற்றுவார்கள். அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ள, மண் சுவரில் படிந்து பொம்மையாகும். நூறு பொம்மைகளும் ஒரே முகத்தோடு வரும். பொம்மைக்கு அது தேவை, வியாபாரத்துக்கு அது நல்லது. கற்பனாஸ்வரத்துக்கு அந்த முறையை யார் கொண்டுவந்தார்கள்?

வரம் என்பவர்களுக்கு சார்லி பார்க்கரின் கதையைச் சொல்லத் தோன்றுகிறது. 1936இல் கன்சாஸ் நகரத்தில் பதினாறு வயதுகூட முழுதாக நிரம்பாத பார்க்கர் பெரியவர்களோடு வாசிக்க மேடையேறித் தடுமாறினார். டிரம்ஸ் வாசித்த ஜோ ஜோன்ஸ் சிம்பலைக் கழற்றித் தரையில் எறிந்து அவரை இறக்கினார் என்பது ஜாஸ் உலகில் எல்லோரும் அறிந்த கதை. மறு வருடக் கோடையில் பார்க்கர் ஓசார்க் மலைப்பகுதிக்கு ஒரு குழுவோடு வாசிக்கப் போனார். லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளும் உடன் போயின. யங்கின் தனி வாசிப்புகளைச் சுரம் சுரமாகக் கேட்டுக் கேட்டுத் தன் கருவியில் ஏற்றிக்கொண்டார். திரும்பி வந்தவர் வேறு ஆள். வரம் எங்கிருந்து வந்தது என்றால், தேய்ந்த இசைத்தட்டிலிருந்து வந்தது.

கண்பார்வையற்ற பியானோ மேதை லென்னி ட்ரிஸ்டானோ இதையே ஒரு பாடமுறையாக்கினார். லெஸ்டர் யங்கின் வாசிப்பை முதலில் இசைத்தட்டோடு சேர்ந்து பாட வேண்டும். பிறகு இசைத்தட்டில்லாமல் பாட வேண்டும். அதன் பிறகே கருவியைத் தொடலாம். லீ கோனிட்ஸ் இப்படி வளர்ந்தவர். வாய்ப்பாட்டை அடிப்படையாகக் கொண்ட நமக்கு இந்த முறை அந்நியமே அன்று. நாகஸ்வரக் குருகுலங்களில் இதுதான் நடந்தது. சீடன் குருவின் பக்கத்தில் நின்று இரவெல்லாம் ஒத்து ஊதினான். குரு தோடியை எப்படித் திறக்கிறார், எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார், நேற்று செய்ததை இன்று எங்கே மாற்றினார் என்பதெல்லாம் பாடமெடுக்காமலே அவனுக்குள் இறங்கின. எழுதிவைக்க நேரமும் இல்லை, நோட்டும் இல்லை.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பிறந்தது 1898. லூயி ஆம்ஸ்ட்ராங் பிறந்தது 1901. ஒருவர் காவிரிக்கரைக் கோயில் வீதிகளில், மற்றவர் நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில். இருவருடையதும் காற்றுக்கருவி, இருவரும் ஊர்வலங்களோடு நடந்து வளர்ந்த இசையின் வாரிசுகள். இருவரும் தம் காலத்துச் சமூகத்தில் தம் இசைக்குக் கிடைத்த மரியாதை தமக்குக் கிடைக்காத குலங்களில் பிறந்தவர்கள். வாய்ப்பாட்டுக்காரருக்குச் சமமான இடத்தை மேடையில் கேட்டு வாங்கியவர் பிள்ளை. நரசிங்கன்பேட்டை ஆச்சாரியின் கைவண்ணத்தில் நீண்ட பாரி நாயனத்தை அவர் கையாண்டதும், அந்தத் தாழ்ந்த சுருதியில் தோடி கொண்ட கம்பீரமும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஆம்ஸ்ட்ராங்கின் 1920களின் இசைத்தட்டுகளை இன்றும் சுரம் பிரித்துப் பாடமாக வைக்கிறார்கள். பிள்ளையின் தோடியை நாம் கும்பிடுகிறோம். கும்பிடுவது சுலபமான வேலை. அதில் ஒரு நிமிடத்தை எடுத்து, நூறு முறை கேட்டு, கூடவே பாடிப் பார்த்த மாணவர்கள் எத்தனை பேர்?

இதில் பணயமாக இருப்பது ஏதோ ஒரு கலை நுணுக்கம் மட்டுமன்று. வீதியில் சாமி நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ராகம் வாசித்த காலத்தில், கட்டணமில்லாமல், சாதி பார்த்து விலக்க முடியாத ஒரு பெரிய வகுப்பு தெருவிலேயே நடந்துகொண்டிருந்தது. கோயிலுக்குள் போக முடியாதவர்களும் தோடியைக் கேட்டார்கள். இன்று திருமண மண்டபங்களில் நாகஸ்வரக்காரரிடம் சினிமாப் பாட்டைக் கேட்கிறார்கள், அல்லது கெட்டிமேளத்துக்கு மட்டும் விரலை ஆட்டுகிறார்கள். கேட்பவர் இல்லாத இடத்தில் மனோதர்மம் முதலில் சுருங்கும், பிறகு வாசிப்பவருக்கே மறந்துபோகும். அதன்பின் அது பெருநகரத்தில் தனிப் பயிற்சிக்குப் பணம் கட்ட முடிந்தவர்களின் சொத்தாகிவிடும். பால் பெர்லினர் 1994இல் வெளியிட்ட பெருநூல், ஜாஸ் கலைஞர்கள் மனோதர்மத்தைப் படிப்படியாக, ஒருவரிடமிருந்து ஒருவர், கூட்டமாக அமர்ந்து கற்றதை நூற்றுக்கணக்கான பக்கங்களில் சொல்கிறது. நாகஸ்வரத்துக்கு அப்படியொரு நூலைத் தமிழில் எழுத இன்னும் சில முதிய வித்வான்கள் இருக்கும்போதே யாராவது முன்வர வேண்டும்.

அதுவரை, கையிலிருக்கும் கைப்பேசியே போதும். இசைத்தட்டை மெதுவாகச் சுழலவிட்டுக் கேட்க வேண்டிய நிலை பார்க்கரின் தலைமுறைக்கு இருந்தது. இன்று சுருதி மாறாமலேயே வேகத்தைப் பாதியாக்கிக் கேட்கலாம். பாட்டு வகுப்பில் கற்பனாஸ்வரம் எழுதிக்கொடுக்கும் அரை மணி நேரத்தை இதற்குக் கொடுத்துப் பார்க்கலாம். பத்து விநாடி ஆலாபனை, திருப்பிப் பாடு, மறுபடி கேள், பிசகிய இடத்தைக் கண்டுபிடி. பிறகு அதே பத்து விநாடியின் முடிவை மட்டும் மாற்றிப் பாடு. முதல் நாள் மாற்றம் அபத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும், பார்க்கரின் முதல் மேடையும் அப்படித்தான் இருந்தது.

ஜாஸ் பக்கம் வர விரும்புகிறவர்களுக்கு ஹாக்கின்ஸையும் டேவிஸையும் சொல்லிவிட்டேன். மூன்றாவதாக, 2008இல் வெளிவந்த 'கின்ஸ்மென்'. கத்ரி கோபால்நாத்தும் ருத்ரேஷ் மகந்தப்பாவும் அதில் சேர்ந்து வாசிக்கிறார்கள். கத்ரி நாகஸ்வரக் குடும்பத்திலிருந்து வந்து சாக்ஸபோனை எடுத்தவர், 2019இல் மறைந்தார். மகந்தப்பா அமெரிக்காவில் வளர்ந்த ஜாஸ் கலைஞர். இருவர் கையிலும் ஒரே கருவி, ஆல்டோ சாக்ஸபோன். உறையைப் பார்க்காமல், எது யாருடைய வாசிப்பு என்று எழுதிக்கொண்டே கேட்டுப் பாருங்கள். கமகம் முதலில் காட்டிக்கொடுக்கும். போகப் போக அதை வைத்து மட்டும் சொல்ல முடியாத இடங்கள் வரும், அங்கே நிறுத்தி மறுபடி கேளுங்கள்.