டேபிளைக் காணோம்!

ராத்திரி பதினொன்றரை மணிக்கு வரும் போன் நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரம் இல்லை. அக்கா பையன். ஒரு சின்னக் கம்பெனியில் ‘சிஸ்டம்ஸ்’ பார்க்கிறான்.

“மாமா, சம்பள டேபிளைக் காணோம்!”

“யாராவது டிராப் பண்ணிட்டாங்களா?”

“இல்லை. ஷோ டேபிள்ஸ் கொடுத்தா பேர் வருது. உள்ளே பார்த்தா அப்படி ஒரு டேபிளே இல்லைங்குது. எர்ரர் 1146. நாளன்னிக்கு ஒண்ணாம் தேதி. 110 பேருக்குச் சம்பளம்!”

ஆவி சமாச்சாரம் மாதிரி இருக்கிறதல்லவா? குடைந்ததில் விஷயம் வெளியே வந்தது. மைஎஸ்க்யூஎல் 5.5. பழைய மெஷின் திணறுகிறதென்று சாயங்காலம் புதுசில் அதே 5.5-ஐப் போட்டு, டேட்டாபேஸ் பேரில் இருந்த ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்திருக்கிறான்.

“போன வருஷம் வேற டேட்டாபேஸை இப்படித்தான் மாத்தினேன். ஓடிச்சே?”

ஓடியிருக்கும். அது மைஐசாம் ரகம். டேபிளுக்கு மூன்று ஃபைல், மூன்றும் ஒரே ஃபோல்டரில் குடித்தனம். இது இன்னோடிபி. 5.5-ல் நாமாக மாற்றி அமைக்காவிட்டால், ஃபோல்டரில் இருப்பது ‘எஃப்ஆர்எம்’ என்கிற வாசல் பெயர்ப் பலகை மட்டும்தான். ஆசாமிகள் அத்தனை பேரும் வெளியே ‘ஐபிடேட்டா1’ என்கிற பொதுச் சத்திரத்தில். பையன் பலகைகளைப் பத்திரமாகக் கழற்றி வந்துவிட்டான். ஆட்களை விட்டுவிட்டான்! (2018-ல் வந்த 8.0-ல் இந்தப் பலகைகளையே ஒழித்துவிட்டார்கள்.)

ரிலேஷனல் டேட்டாபேஸுக்கு 1970-ல் பிள்ளையார் சுழி போட்ட ஐ.பி.எம். எட்கர் காட், டேட்டா மெஷினுக்குள் எப்படி அடுக்கியிருக்கிறது என்பது உபயோகிப்பவருக்குத் தெரியவேண்டியதில்லை என்றார். நியாயம்தான். காப்பி அடிப்பவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனக்கு வியர்த்தது அடுத்த கேள்வியில்.

“பழைய மெஷின் எங்கே?”

“இங்கதான். ஃபார்மட் பண்ணி அக்கவுன்ட்ஸுக்குத் தரணும். பென் டிரைவைத் தேடிட்டிருக்கேன்.”

“கையை எடுடா!”

அதில் எல்லாம் உயிரோடு இருந்தது. அங்கே சர்வரை எழுப்பி, மைஎஸ்க்யூஎல்டம்ப் கொடுத்து மொத்தத்தையும் ஒரு ஃபைலாக இறக்கி, புதுசில் அந்த வெற்றுப் பலகைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு ஏற்றினோம். எண்ணிப் பார்த்தோம். 110.

உங்களுக்கும் ஒரு நாள் டேபிள் மறையலாம். உடனே ரீ-இன்ஸ்டால் பண்ணாதீர்கள். முதலில் சர்வரை நிறுத்தி, டேட்டா டைரக்டரியை முழுசாக இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பிறகு துப்பறியலாம். சரியான சர்வரில்தான் நுழைந்தோமா? விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வந்ததா? அங்கே பேரில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. டெம்பரரி டேபிளா? கனெக்‌ஷன் போனால் அதுவும் போச்சு. ஆரக்கிளா? பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லாவிட்டாலும் ‘இல்லை’ என்றே சாதிக்கும், எர்ரர் 942.

மறுநாள் அக்கா போன் பண்ணினாள்.

“ராத்திரி மூணு மணி வரைக்கும் அவனோட என்னடா அரட்டை? வேலைக்குப் போற பையன், தூங்க விடு!”