ஊர் விலாசம் கொடுத்தால் 460 ரூபாய் மிச்சம், மழை வந்தால்?

2024-ம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னையில் பலத்த மழை பெய்யும் என்று அறிவிப்பு வந்தது. உடனே வேளச்சேரி பகுதி மக்கள் கார் சாவியை எடுத்துக் கொண்டு கிளம்பினார்கள்.

எங்கே? பக்கத்தில் இருக்கும் மேம்பாலத்துக்கு!

பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் "மிச்சாங்" புயல் மழையிலும் பட்ட பாடு அவர்களுக்கு மறக்கவில்லை. தங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறும் என்பது அந்தத் தெருக்காரர்களுக்கு அத்துப்படி.

காருக்கு இன்சூரன்ஸ் கொடுக்கும் கம்பெனிக்கு அது தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. பாலிசி போடும்போது யாரும் அதைக் கேட்பதும் அபூர்வம். அவர்கள் கேட்பது வேறு. "வண்டி எந்த ஊர் ரிஜிஸ்ட்ரேஷன்?" என்பதுதான் கேள்வி.

எட்டு நகரங்கள்

கார் இன்சூரன்சில் இரண்டு பங்கு உண்டு. ஒன்று, நம் கார் மோதி அடுத்தவருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கானது. இந்தப் பங்கு கட்டாயம். இதன் கட்டணத்தை மத்திய அரசு நிர்ணயிக்கிறது. 1,000 முதல் 1,500 சி.சி. வரை உள்ள சொந்தக் காருக்கு 2022 ஜூன் 1-ந் தேதி முதல் 3,416 ரூபாய் என்று வைத்தார்கள். சென்னை ஆனாலும் சிவகங்கை ஆனாலும் இது ஒன்றுதான்.

இன்னொன்று, நம் காருக்கே ஏற்படும் சேதத்துக்கானது. இங்கேதான் விலாசம் வேலை செய்கிறது.

2002-ம் ஆண்டு கட்டண அட்டவணை நாட்டை இரண்டு மண்டலமாகப் பிரித்தது. அகமதாபாத், பெங்களூர், சென்னை, ஐதராபாத், கொல்கத்தா, மும்பை, புதுடெல்லி, புனே ஆகிய எட்டு நகரங்களும் "ஏ" மண்டலம். மற்ற ஊர் எல்லாம் "பி" மண்டலம். கோவையும் மதுரையும்கூட "பி"தான்.

2007 ஜனவரி 1-ந் தேதி முதல் இந்தப் பங்கின் கட்டணத்தை கம்பெனிகளே முடிவு செய்யலாம் என்று ஆகிவிட்டது. ஆனாலும் மண்டலப் பிரிவு போய்விடவில்லை.

பெருநகரத்தில் நெரிசல் அதிகம்; உரசல் அதிகம்; ஒர்க்ஷாப் கூலியும் அதிகம். அதனால் கட்டணம் அதிகம் என்பது கம்பெனிகள் பக்கத்து நியாயம். அதைத் தப்பு என்று சொல்ல முடியாது.

எவ்வளவு வித்தியாசம்?

கணக்குப் போட்டுப் பார்த்தால் சங்கதி விளங்கும்.

ஐந்து லட்சம் ரூபாய் மதிப்பு போட்ட 1,200 சி.சி. கார். வாங்கி ஐந்து வருஷத்துக்கு உட்பட்டது. 2002 அட்டவணைப்படி "ஏ" மண்டலத்தில் நூற்றுக்கு 3.283 வீதம் 16,415 ரூபாய். "பி" மண்டலத்தில் நூற்றுக்கு 3.191 வீதம் 15,955 ரூபாய்.

வித்தியாசம் 460 ரூபாய். கம்பெனிக்குக் கம்பெனி தள்ளுபடி மாறும்போது இது கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

இந்த 460 ரூபாய்க்குத்தான் சில பேர் குறுக்கு வழி தேடுகிறார்கள்.

"நம்ம மாமா வீடு காஞ்சிபுரத்துல இருக்கு சார். அந்த அட்ரஸ்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டா பிரிமியம் குறையுமாமே?" என்கிறார் ஒருவர்.

"பண்ணிடலாம் சார், யாரு வந்து பாக்கப் போறா?" என்கிறார் பக்கத்தில் இருப்பவர்.

டீக்கடைகளில் சர்வசாதாரணமாகக் கேட்கும் பேச்சு இது. கார் இருப்பது சென்னையில். ஓடுவது அண்ணா சாலையில். விலாசம் மட்டும் காஞ்சிபுரம்!

இது புத்திசாலித்தனம் அல்ல. இன்சூரன்ஸ் என்பதே சொன்ன தகவலை நம்பிச் செய்யும் ஒப்பந்தம். நாளைக்குப் பெரிய நஷ்டம் வந்து பணம் கேட்கும்போது, "இவர் தப்பான தகவல் கொடுத்திருக்கிறார்" என்று கம்பெனி வாதாட நாமே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகும்.

உண்மையிலேயே வெளியூரில் பதிவு செய்து, பிழைப்புக்காகச் சென்னை வந்தவர்கள் வேறு. அவர்கள் மேல் குற்றம் இல்லை. ஆனால் வீடு மாறினால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அப்படியே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு கடிதம் போட்டுவிட்டால் தொல்லை இல்லை.

பணம்தான் மிச்சம் ஆகவேண்டும் என்றால் நேர் வழியே இருக்கிறது. ஒரு வருஷம் நஷ்ட ஈடு கேட்காமல் ஓட்டினால் சொந்த சேதப் பங்கில் நூற்றுக்கு 20 தள்ளுபடி. மேலே சொன்ன சென்னைக் காருக்கே அது 3,283 ரூபாய். விலாசத்தை மாற்றி மிச்சம் பிடிப்பதைப்போல ஏழு மடங்கு! ஐந்து வருஷம் இப்படி ஓட்டினால் நூற்றுக்கு 50 வரை குறையும்.

தெருதான் முக்கியம்

மண்டலத்தைப் பார்த்து 460 ரூபாய்க்குக் கணக்குப் போடுகிறவர்கள் தங்கள் தெருவைப் பார்ப்பது இல்லை. பணம் போவது அங்கேதான்.

அட்டவணையின் கண்ணுக்குச் சென்னை முழுவதும் ஒரே மண்டலம். மேட்டில் ஷெட் கட்டி நிறுத்தியிருக்கும் காரும் "ஏ"தான். பள்ளிக்கரணையில் முழங்கால் தண்ணீரில் நிற்கும் காரும் "ஏ"தான்.

அடுத்தவர் நஷ்டத்துக்கு மட்டும் பாலிசி எடுத்தவருக்கு, தன் கார் வெள்ளத்தில் மூழ்கினால் ஒரு காசு வராது. முழு பாலிசி எடுத்தவருக்கு வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது.

தண்ணீரில் நின்ற காரை "ஸ்டார்ட் ஆகுதா பாப்போம்" என்று சாவியைத் திருப்புகிறார்கள். காற்றுக் குழாய் வழியாகப் புகுந்த தண்ணீர் என்ஜினுக்குள் இருக்கிறது. பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்து என்ஜின் நாசம்.

இது வெள்ளத்தால் நேராக வந்த சேதம் அல்ல, பிறகு உண்டான சேதம் என்று சொல்லி கம்பெனி கையை விரிக்கும். 2015 வெள்ளத்துக்குப் பிறகு பலர் இப்படித்தான் ஏமாந்தார்கள். பெரிய என்ஜின் என்றால் செலவு லட்சத்தைத் தாண்டும்.

இதற்கென்றே என்ஜின் பாதுகாப்பு என்று தனியாகக் கூடுதல் பணம் கட்டி எடுத்துக் கொள்ளலாம். தாழ்வான தெருவில் இருப்பவர்கள் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அதை எடுத்திருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. கம்பெனிக்குத் தகவல் சொல்லி, வண்டியைக் கட்டி இழுத்துப் போக வேண்டும்.

கம்பெனிகள் செய்ய வேண்டியது

பொதுமக்களுக்கு மட்டும் புத்தி சொன்னால் போதாது. விலாசத்தைப் பார்த்துக் கட்டணம் வாங்குகிறவர்கள், அந்த விலாசத்தில் என்ன ஆபத்து என்பதையும் வாடிக்கையாளரிடம் பேச வேண்டாமா?

"உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா? என்ஜினுக்குத் தனிப் பாதுகாப்பு வேண்டுமா?" என்று விண்ணப்பத்தில் இரண்டு வரி அச்சடிக்க என்ன செலவாகும்? ஊருக்காக எவ்வளவு கட்டணம் கூடியது என்று ரசீதில் தனியாகக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? பாலிசியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துவிட்டு வந்து யாரும் காரை ஸ்டார்ட் செய்வது இல்லை.

வேளச்சேரிக்காரர்கள் தங்கள் காரைப் பாலத்தில் ஏற்றத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். பிரிமியம் வாங்கும் கம்பெனிகளும் அடுத்த மழைக்கு முன்பாக இந்த இரண்டு கேள்வியைக் கேட்கத் தெரிந்து கொள்ளட்டும்.